கத்திரி வெயிலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது எப்படி?

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை படுத்தும். அம்மா அப்பா வேலைக்குப் போய்விட்டால், பகல் முழுக்கப் பிள்ளை பாட்டியிடமோ வீட்டுக்கு வரும் ஆயாம்மாவிடமோதான். இதற்குப் புதியவர்களுக்காக, ஒரு பகலை வரிசைப்படுத்தித் தருகிறேன். ஒன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

1. காலையில் ஒப்படைக்கும்போது

"சாப்பிட்டாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடாதீர்கள். எழுந்ததிலிருந்து எத்தனை முறை ஒன்றுக்குப் போனது, இரவு நன்றாகத் தூங்கியதா என்பதையும் சொல்லுங்கள். வெயில் காலத்தில் சாப்பாட்டுக் கணக்கைவிட சிறுநீர்க் கணக்குதான் முக்கியம்.

2. தண்ணீர்

விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைக்குத் தாகம் தெரியாது. கேட்கட்டும் என்று காத்திருக்காமல், அரை மணிக்கு ஒரு தரம் நீங்களே நாலு மடக்கு கொடுங்கள். போதுமா என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லிவிடும். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள் என்றால் இன்னும் கொடுக்க வேண்டும். ஆறு மணி நேரமாகப் போகவே இல்லை, வாய் உலர்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

நீர்மோர், இளநீர் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். நுங்கு வாங்கினால் இளசாகப் பாருங்கள். விரலால் அமுக்கினால் அமுங்க வேண்டும். தோலை உரித்து, உள்ளிருக்கும் நீரைக் கிண்ணத்தில் வடித்து, சதையை நன்றாக மசித்து அதிலேயே கலந்து ஊட்டுங்கள். முற்றிய நுங்கு ரப்பர் மாதிரி இருக்கும், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதைப் பெரியவர்கள் சாப்பிடட்டும்.

வீட்டில் ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தையும் இருந்தால், அதற்கு எந்த வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். "நாக்கு வறளுமே" என்று பெரியவர்கள் சொல்வார்கள், அன்பாகவே மறுத்துவிடுங்கள்.

3. குளியலும் வேர்க்குருவும்

காலை, மாலை இரண்டு வேளையும் குளிப்பாட்டலாம். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கில் ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். வேர்க்குரு என்பது வியர்வைத் துவாரம் அடைபடுவதால் வருவது. அதன்மேல் பவுடரை அப்பினால் அது வியர்வையோடு சேர்ந்து களிம்பாகிவிடும். மூச்சிலும் போகும். தளர்வான பருத்தி ஜட்டி, பனியன் போதும். நகத்தை வெட்டிவிடுங்கள்.

4. மத்தியானம்

11 மணியிலிருந்து 4 மணி வரை வெளியே வேண்டாம். இதைப் பெரும்பாலும் எல்லோரும் கடைப்பிடித்துவிடுகிறார்கள். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. தண்ணீர்ப் பஞ்சத்துக்காகப் பக்கெட்டிலும் டிரம்மிலும் பிடித்து வைத்திருப்போமே, அதுதான். தவழும், நடை பழகும் பிள்ளை பக்கெட்டுக்குள் தலைகுப்புற விழுந்தால் அதனால் எழ முடியாது, சத்தமும் வராது. அரை பக்கெட் தண்ணீரே போதும். மூடி போடுங்கள், பாத்ரூம் கதவை வெளியே தாழ்ப்பாள் போடுங்கள். போன் வந்தால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே பேசுங்கள்.

கடைக்குப் போகும்போது, "ரெண்டே நிமிஷம்" என்று காருக்குள் விட்டுப் போவதும் கூடாது.

5. சாயங்காலம்

வெயில் தாழ்ந்த பிறகு பூங்காவுக்குப் போகலாம். சறுக்குமரம் தகரமாக இருந்தால், உட்கார வைக்கும் முன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள்.

6. உடம்பு சரியில்லை என்றால்

வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்கவும். ஒரு லிட்டர் என்று இருந்தால் ஒரு லிட்டர்தான்; டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளைப் போடக் கூடாது. இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

உடம்பு கொதிக்கிறது, பிள்ளை துவண்டுவிட்டது, கூப்பிட்டால் சரியாகப் பார்க்கவில்லை, வலிப்பு வருகிறது என்றால் 108. வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பெற்றோருக்குப் போன் அதற்கப்புறம்.