லேபர் கான்ட்ராக்டில் ஜிஎஸ்டி மிச்சம்

தனி வீடு கட்டுபவர்கள் சிமென்ட், கம்பி, எம்-சாண்ட் ஆகியவற்றைத் தாங்களே வாங்கிக்கொண்டு, வேலையை மட்டும் லேபர் கான்ட்ராக்டாக எழுதிக் கொடுத்தால், அந்தக் கூலித் தொகைக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. ஒரு குடும்பம் வசிப்பதற்கான தனி வீட்டைப் புதிதாகக் கட்டித் தரும் கூலி ஒப்பந்தத்துக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. பொருளும் வேலையும் சேர்ந்த முழு ஒப்பந்தமாகக் கொடுத்தாலோ, ஜிஎஸ்டி பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் தம் கூலி, லாபம் உட்பட மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம் சேர்த்தே பில் போடுவார். லேபர் கான்ட்ராக்டில் ஆணி, கட்டுக்கம்பி போன்ற சில்லறைப் பொருள்களைக்கூட ஒப்பந்ததாரர் கணக்கில் விடாமல் நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. கம்பி இறங்கும்போது எடையையும் பார்த்துவிடலாம்: 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று ஏறத்தாழ 10.6 கிலோ இருக்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்கும், பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் வேலைக்கும் இந்த விலக்கு பொருந்தாது. ஜிஎஸ்டி பதிவே இல்லாத சிறிய மேஸ்திரி எப்படியும் பில்லில் வரி சேர்க்க மாட்டார் என்பதால், அவரிடம் லேபர் கான்ட்ராக்டாகக் கொடுப்பதால் வரியில் மிச்சம் எதுவும் இராது. வெளியூரில் இருந்துகொண்டு, லோடு இறங்கும்போது நின்று பார்க்க ஆளில்லாதவர்களுக்கு, வரி போனாலும் முழு ஒப்பந்தமே மேல்.