ஊர்க் கச்சேரிகளுக்கு ஒரு தொகுப்பேடு: மலையகத்து ஈரத்தில் தாள் காப்பது முதல் பெயர் எழுதுவது வரை

இலங்கையின் மலையக ஊர்களில் கர்நாடக இசையின் தடத்தைக் கோயில் மகோற்சவத்திலும், பாடசாலை வாணி விழாவிலும், மார்கழித் திருவெம்பாவையிலும், நகர மண்டபத்து அரங்கேற்றத்திலும்தான் தேட வேண்டும். தொகுப்பேட்டுக்கான விஞ்ஞாபனம் (கோயில் திருவிழா அறிவித்தல்), அழைப்பிதழ், பத்திரிகைத் துண்டு, புகைப்படம், ஒலிநாடா எல்லாம் அங்கிருந்தே வரும். இவற்றை ஒட்டி வைக்க யாராலும் முடியும். இருபது வருடம் கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கு, தவில் வாசித்தவர் யார் என்று அது சொல்ல வேண்டும்.

சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டை போட்டுத் தைத்த கொப்பி) ஒட்டும் பழக்கத்தை முதலில் விடுங்கள். நாற்பது பக்கம் ஒட்டியதும் கொப்பி வீங்கி முதுகு பிளந்துவிடும். பிறகு கிடைக்கும் பழைய தாளை நடுவில் செருகவும் முடியாது. இரண்டு துளையிட்ட தனித்தாள்களைப் பொக்ஸ் ஃபைலில் போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. அமிலமற்ற தாள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் 80 கிராம் வெள்ளை ஏ4 போட்டோக்கொப்பித் தாளே போதும். பிரவுண் தாள், நிறப் பிரிஸ்டல் போட் வேண்டாம். அவற்றின் அமிலமும் சாயமும் படத்தில் இறங்கும்.

பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டு மஞ்சளாகும், அதன் அமிலம் பக்கத்துத் தாளையும் கெடுக்கும். எனவே வீரகேசரி, தினகரன் துண்டுகளை வெட்டிய அன்றே நல்ல தாளில் போட்டோக்கொப்பி எடுத்து அதையே ஏட்டில் வையுங்கள். மூலத்துண்டு தனி உறையில் இருக்கட்டும். பத்திரிகைப் பெயர், திகதி, பக்க எண் மூன்றும் உறையின் மேல் வேண்டும். வெட்டும்போது திகதி இருக்கும் மேல் ஓரம்தான் எப்போதும் கத்தரியில் போகிறது.

செலோடேப் கூடவே கூடாது. அதன் பசை சில வருடத்தில் பழுப்புக் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடும், எடுக்க வழியில்லை. லெமினேட் பண்ணுவதும் அப்படித்தான்: சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கை இனி யாராலும் பிரிக்க முடியாது. ஸ்டேப்ளர் கம்பி நுவரெலியா ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும்.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். 200 கிராம் கோதுமை மாவைப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒரு சட்டித் தண்ணீருக்குள் வைத்துக் கசக்குங்கள். கையில் றப்பர் மாதிரி ஒரு கட்டி மிஞ்சும். அதை வீசிவிடுங்கள், பூச்சியை அழைப்பது அதுதான். பால் போன்ற தண்ணீரை இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் நீரை ஊற்றிவிட்டு, அடியில் படிந்த மாவில் 2 மேசைக்கரண்டிக்கு 10 மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் 20 நிமிடம் கை விடாமல் கிண்டுங்கள். கண்ணாடி போல மினுங்கினால் பதம். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். பூச்சிக்கென்று மயில்துத்தம் போடுவது பழைய பைண்டிங் வழக்கம். தாளைப் பொறுத்தவரை அது விஷம்: துத்தத்தின் செம்பு தாள் நாரை அரித்து நொறுங்க வைக்கும்.

தாளின் பின்பக்கம் முழுக்கப் பசை தடவினால் சுருங்கும். மேல் ஓரத்தில் அரை அங்குலம் போதும். புகைப்படத்துக்குப் பசையே வேண்டாம்; தாளை முக்கோணமாக மடித்து நான்கு மூலைக்கும் உறை செய்து, அதை மட்டும் ஒட்டிப் படத்தைச் செருகுங்கள்.

ஒட்டும் வேலைக்குக் காலநிலை பார்க்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலை பக்கம் தென்மேற்கு மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை பக்கம் மழைக்காலமே மாறி வருவதால் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. ஈரமான நாளில் ஒட்டிய பக்கம் உள்ளுக்குள் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கறை பரவும். முகக்கவசம் போட்டு, காற்றோட்டமான நிழலில் நன்றாக உலர்த்தி, வெளியில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஃபைல் பெட்டி வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் இருக்கக் கூடாது. சுவரின் ஈரம் முதலில் அங்குதான் இறங்கும்.

இனித்தான் முக்கியமான வேலை. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு குறிப்பு: திகதி, இடம், பிரதான கலைஞர், பக்கவாத்தியம் முழுவதும், உருப்படிகள், இராகம், தாளம், சுருதி எத்தனை கட்டை (பாடும் ஆதார சுருதியின் அளவு). மூலத்தின் பின்புறம் எழுதுவதானால் 2பி பென்சிலால், அழுத்தாமல். அச்சிலுள்ள பிழையைத் திருத்தி எழுதாதீர்கள். வாதாபி கணபதிம் தியாகராஜர் கீர்த்தனை என்று அழைப்பிதழில் இருந்தால் அப்படியே பதிந்து, கீழே அடைப்புக்குறிக்குள் “முத்துசுவாமி தீட்சிதர், ஹம்சத்வனி, ஆதி” என்று போடுங்கள். பிழையும் அந்தக் காலத்தின் பதிவுதான்.

பழைய விஞ்ஞாபனத்தில் ஆங்கில வருடம் இருக்காது, “நந்தன வருடம்” என்று மட்டும் இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒரு முறை சுற்றும் பெயர் அது: 1952 ஆகவும் இருக்கலாம், 2012 ஆகவும் இருக்கலாம். அச்சும் தாளும் பார்த்தாலே எது என்று புரியும். பலர் வழுக்கும் இடம் அடுத்தது. தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில வருடத்துக்குள் விழும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் ஐந்து தேர் ஓடும் மாசிமகத்து விஞ்ஞாபனத்தில் நந்தன என்றிருந்தால் அதை 1953 அல்லது 2013 என்றுதான் பதிய வேண்டும். கிழமையும் திகதியும் சேர்ந்து இருந்தால் பழைய நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள், சந்தேகம் போய்விடும்.

விஞ்ஞாபனத்தில் “மங்கள வாத்தியம்” என்று மட்டும் போட்டு, வாசித்தவர் பெயரை விட்டிருப்பார்கள். உபயகாரர் (திருவிழாச் செலவை ஏற்றவர்) பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்! அப்படியானால் கோயில் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். சன்மானம் கொடுத்த பதிவில் பெயர் இருக்க வாய்ப்புண்டு. பெயர்களை ஏட்டின் கடைசியில் அகரவரிசைப் பட்டியலாக்கும்போது எல்லா எழுத்து வடிவத்தையும் சேருங்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தியையே தட்சிணாமூர்த்தி, தெட்சிணாமூர்த்தி என்று ஆளுக்கொரு விதமாக அச்சிட்டிருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்துக்கும் பதிவுப் பெயர் ஒன்று, ஜனங்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் ஒன்று. இரண்டையும் எழுதி, தோட்டத்தின் எந்த டிவிசன் (பிரிவு) என்றும் குறியுங்கள்.

படத்தில் யார் யார் என்பதைப் படத்திலேயே எழுதாமல், ஒரு போட்டோக்கொப்பியில் தலைக்குத் தலை இலக்கம் போட்டுக் கீழே பெயர் எழுதுங்கள். மூத்த கலைஞர்களிடம் காட்டும்போது இருவரிடம் தனித்தனியாகக் காட்ட வேண்டும். சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார். நெகட்டிவிலிருந்து ஸ்கேன் பண்ணிய படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வாத்தியமே சாட்சி. தவில்காரரின் வலக்கை விரல்களில் கூடுகளும் இடக்கையில் கழியும் இருக்கும், வயலின் வில் வலக்கையில் இருக்கும். இருவருமே மாற்றிப் பிடித்திருந்தால் திருப்பிப் போட்ட நெகட்டிவ்தான். ஒருவர் மட்டும் என்றால் அவர் இடக்கைக்காரராக இருக்கலாம்.

ஸ்கேனுக்கு எழுத்துத் தாள் 300 டிபிஐ, புகைப்படம் 600. இப்போதைய அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வருவதால், அனுப்பியவரிடம் படமாக அல்லாமல் டொக்கியுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், எழுத்து மங்காது.

கசட் கிடைத்தால் முதலில் பின் ஓரத்திலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிடுங்கள், தவறிக்கூட மேல்பதிவு ஆகாது. ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் போடுங்கள். மின்சாரமில்லாத இடத்தில் பற்றரியில் பதிந்தவை பல. பற்றரி இறங்கினால் நாடா மெதுவாக ஓடிப் பதிவாகும், கேட்கும்போது வேகமும் சுருதியும் ஏறித் தெரியும். பாடகரின் கட்டை வேறு பதிவிலிருந்து தெரிந்தால் அதை வைத்துச் சரிபார்க்கலாம்: ஒரு கட்டையிலிருந்து ஒன்றரைக்கு ஏறியிருந்தால் ஏறத்தாழ 6 வீதம் வேகம் கூடியிருக்கிறது. திருத்தாத மூலப் பதிவைத் தனியாக டபிள்யூஏவி வடிவில் வைத்திருங்கள்.

சில வருடங்கள் வெறுமையாகவே கிடக்கும். 1977, 1981, 1983 வன்செயல்களில் வீட்டோடு எரிந்த அல்பங்கள் எத்தனையோ. ஆனால் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன குடும்பங்களிடம் அதே படங்களின் இன்னொரு பிரதி இருக்கக்கூடும். கூடலூர், கோத்தகிரி உறவினர்களைக் கேட்காமல் “கிடைக்கவில்லை” என்று எழுதாதீர்கள். ஸ்கேன் பண்ணியவற்றில் ஒரு பிரதியை 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். இன்னொன்று ஊருக்கு வெளியே, வேறு மாவட்டத்து வீடொன்றில் இருக்கட்டும். மண்சரிவு வந்தால் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பிரதியும் சேர்ந்தே போய்விடும்.