முன்னும் பின்னும் ஓர் இன்ஜின்: பெங்களூரிலிருந்து பழைய ஸ்கைமாஸ்டர் வாங்க நினைப்பவருக்கு

பழைய இரட்டை இன்ஜின் விமானம் ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஆசையோடு வருகிறவர்களிடம், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று நான் முதலில் கேட்பதில்லை. அந்த விமானத்தைப் பிரித்துப் பார்த்து மறுபடியும் பூட்டத் தெரிந்த உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரை அறிவீர்களா என்றுதான் கேட்கிறேன். விமானத்தைத் தேடுவதற்கு முன் அவரைத் தேடுங்கள். அரிய விமானங்கள் பல நேரங்களில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே, அவற்றின் உதிரி பாகங்களும் அவற்றைப் பழுது பார்க்கும் கைத்திறனும் எளிதில் கிடைக்காமல் இருப்பதுதான்.

செஸ்னா ஸ்கைமாஸ்டரை வைத்தே இதை விளக்குகிறேன். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் ஓடுபாதைக்கு அருகே முருகேஷ்பாளையத்தில் வளர்ந்த நான், சிறுவயது முதல் அண்ணாந்து பார்த்தும் படித்தும் அறிந்த விமானங்களில் என் மனம் அதிகம் ஒட்டிக்கொண்டது அதனிடம்தான். ஓர் இன்ஜின் மூக்கிலும் மற்றொன்று பயணிகள் அறைக்குப் பின்னாலும் இருக்க, இரண்டு மெல்லிய தண்டுகள் வாலைத் தாங்கி நிற்கும் அதன் உருவத்தை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. சக்கரங்கள் மடங்காத 336 மாதிரி 1961இல் முதன்முதலில் பறந்தது. சக்கரங்கள் மடங்கும் 337 மாதிரி 1965இல் வந்தது. வியட்நாம் போரில் அமெரிக்க விமானப்படை இதையே ஓ-2 என்ற பெயரில் கண்காணிப்புப் பணிக்குப் பயன்படுத்தியது.

இதன் கவர்ச்சி வெறும் அழகு சார்ந்தது அன்று. சிறகுக்கு ஒன்றாக இன்ஜின் பொருத்தப்பட்ட வழக்கமான விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால், மற்றொன்றின் இழுவிசை மூக்கைச் செயலிழந்த பக்கமாகத் திருப்பிவிடும். வேகம் குறைவாக இருக்கும்போது விமானி உடனடியாகச் சரியான பெடலை மிதிக்கத் தவறினால், விமானம் கவிழ்ந்துவிடவும் கூடும். ஸ்கைமாஸ்டரில் இரண்டு விசைகளும் ஒரே நடுக்கோட்டில் அமைந்திருப்பதால் அந்த ஆபத்து இல்லை. அதனால்தான், இந்த விமானத்தில் மட்டும் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதுபவருக்கு அமெரிக்காவில் நடுக்கோட்டு விசை விமானங்களுக்கு மட்டுமே செல்லும் வரையறுக்கப்பட்ட இரட்டை இன்ஜின் தகுதியைத் தருகிறார்கள். மேலும், சிறகு உயரத்தில் இருப்பதாலும், விமானியின் இருக்கை அதற்கு முன்னால் அமைந்திருப்பதாலும், கீழே விரியும் ஏரிகளையும் பாறைக் குன்றுகளையும் தடையின்றிப் பார்த்துக்கொண்டே பறக்கலாம்.

ஆனால் இந்த நற்குணத்திற்குள்ளேயே ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது. மூக்கு திரும்பாததால், பின் இன்ஜின் நின்றுபோனது விமானிக்கு உடனே தெரிவதில்லை. தரையில் மெதுவாக ஊர்ந்து செல்லும்போதே அது நின்றுவிட, அதை அறியாமல் ஒற்றை இன்ஜினில் ஓடுபாதையில் கிளம்பியவர்கள் உண்டு. ஆகவே, புறப்படும்போது முதலில் பின் இன்ஜினின் விசையைக் கூட்டும் நெம்புகோலான திராட்டிலைத் திறந்து, அதன் சுழற்சி வேகத்தையும் எரிபொருள் ஓட்டத்தையும் அளவிகளில் உறுதி செய்துகொண்ட பிறகே முன் இன்ஜினுக்கு முழு விசை கொடுக்க வேண்டும். இந்த ஒழுங்கை முதல் நாளிலிருந்தே கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மேலே ஏறியதும் சக்கரங்களை அவசரமாக மடக்காதீர்கள். மடங்கும் சில வினாடிகளில் கதவுகள் திறந்து காற்றுத்தடையை அதிகமாக்கும், அந்நேரத்தில் ஓர் இன்ஜின் நின்றால் ஏற்றம் இன்னும் குறையும்.

அடுத்தது நம் ஊரின் உயரம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தொடும் மதியத்தில், காற்றின் அடர்த்தி 6,000 அடி உயரத்தில் இருப்பதைப் போல மெலிந்துவிடும். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத இன்ஜின் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஓடுபாதையிலேயே இழந்துவிடும். 337இன் ஒவ்வோர் இன்ஜினும் 210 குதிரைத்திறன் கொண்டது என்ற எண்ணைக் கண்டு மயங்காமல், அன்றைய வெப்பத்தில், அன்றைய எடையில், ஒற்றை இன்ஜினில் ஏற முடியுமா என்பதை விமானக் கையேட்டின் அட்டவணையில் பார்த்தே முடிவு செய்யுங்கள். டர்போ மாதிரிகள் திறனைக் காத்துக்கொள்ளும். ஆனால் அவற்றின் வெப்பமும் பராமரிப்புச் செலவும் கூடுதல். பின் இன்ஜினுக்கு முன்காற்று நேராகக் கிடைக்காததால் தரையில் அது விரைவில் சூடேறும். வரிசையில் நெடுநேரம் காத்திருக்க நேர்கிற வேளையைத் தவிர்த்து, காலையில் பறப்பதே நல்லது.

வாங்குவதற்கு முன்னான பரிசோதனையை விற்பவர் சொல்லும் ஆளிடம் ஒப்படைக்காதீர்கள். பதிவேடுகளை முதல் நாளிலிருந்து வாசியுங்கள். இடையில் சில ஆண்டுகள் வெறுமையாக இருந்தால், அந்த ஆண்டுகளில் விமானம் எங்கே, எப்படி நின்றது என்று கேளுங்கள். கடலோரத்தில் திறந்தவெளியில் நின்ற விமானத்தின் அலுமினியத்தை அரிப்பு உள்ளிருந்தே தின்றிருக்கும். உள்ளே நுழைத்துப் பார்க்கும் போரோஸ்கோப் என்ற கருவி வழியாக இரு இன்ஜின்களின் சிலிண்டர்களையும் பார்க்கச் செய்யுங்கள். பின் புரொப்பல்லரின் இதழ்களை விரலால் தடவிப் பாருங்கள். சக்கரங்கள் வாரியெறியும் கற்கள் அதில்தான் அடித்திருக்கும். முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்குப் பின் இன்ஜின் ஓடிய மணிநேரத்தை மட்டும் பார்த்து நிறைவடையாதீர்கள். ஆண்டுக்கணக்கும் முக்கியம், 12 ஆண்டுகள் கடந்துவிட்டால், மணிநேரம் குறைவாக இருந்தாலும் ஓவர்ஹாலை நாடும்படியே தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய விமானங்களை இறக்குமதி செய்வதற்கு வயது சார்ந்த நிபந்தனைகள் இருப்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிகளை ஒரு வல்லுநரோடு சேர்ந்து படித்துவிடுங்கள். ஏற்கெனவே இந்தியாவில் வி.டி. என்ற குறியீட்டோடு பதிவு பெற்ற விமானம் என்றால் வழி சற்று எளிது. அதற்கும் ஆண்டுதோறும் பறக்கும் தகுதி மறுஆய்வு உண்டு.

எரிபொருள் தனிக் கவலை. இந்த இன்ஜின்கள் கேட்பது 100 எல்.எல். என்ற ஈயம் கலந்த அவ்கேஸ், அதாவது விமானப் பெட்ரோல். இந்தியன் ஆயில் நிறுவனம் 2022இல் அதை உள்நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கியது நமக்கு நல்ல செய்தி. என்றாலும் எல்லா விமான நிலையங்களிலும் அது கிடைக்காது. இரு இன்ஜின்களும் சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 80 லிட்டர் குடிப்பதால், போகும் இடத்தில் அது கிடைக்கும் என்பதை உறுதி செய்யாமல் கிளம்பக் கூடாது. எத்தனால் கலந்த நம் பெட்ரோல் பங்குப் பெட்ரோலை நினைத்தும் பார்க்க வேண்டாம். அது பழைய ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும்.

உதிரி பாகம் கிடைக்கக் காத்திருக்கும் மாதங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரைச் சேர்ந்த அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் விமானப்படைக்குப் பரிசளித்த பரசுராமா என்ற பழைய டகோட்டா விமானம் 2011இல் வாங்கப்பட்டு, பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு, 2018இல்தான் பறந்து இந்தியா வந்தது. உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் தயாரான டகோட்டாவுக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டது.

வாங்கிய பிறகு செய்யக்கூடாத பெருந்தவறு, விமானத்தை ஹேங்கரில் சும்மா நிறுத்தி வைப்பது. வாரம் ஒருமுறையேனும், எண்ணெய் நன்றாகச் சூடேறி அதிலுள்ள ஈரம் வெளியேறும் அளவுக்குப் பறக்க வேண்டும். தரையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது உள்ளே ஈரத்தைச் சேர்க்குமே தவிரப் போக்காது. தனி ஒருவரால் மழைக்காலத்தில் இதைக் காப்பாற்ற முடியாது. ஆகவே நம்பிக்கையான மூன்று, நான்கு பேர் கூட்டாக வாங்கி, யார் எந்த வாரம் பறப்பது, பெரிய பழுது வந்தால் செலவை எப்படிப் பகிர்வது, ஒருவர் விலகினால் அவருடைய பங்கை எந்த விலைக்கு எடுத்துக்கொள்வது என்பவற்றை வாங்கும் முன்பே எழுத்தில் வைத்துக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.