பச்சிளங்குழந்தை வீட்டுச் சந்திப்பு: அமைப்புகளுக்கு ஆலோசனை கூறும் முறை

ஆஷா பணியாளர்களுக்கு (ஊர்தோறும் உள்ள சமூக நலவாழ்வுப் பணியாளர்கள்) துணையாக வீட்டுச் சந்திப்புப் பணியை மேற்கொள்ளும் தொண்டு நிறுவனத்துக்கு ஆலோசனை கூறச் செல்பவர், அலுவலகத்தில் அமர்ந்து அறிக்கைகளைப் புரட்டுவதற்கு முன், பணியாளர் ஒருவருடன் ஒரு நாள் முழுவதும் வீடு வீடாக நடந்து பார்க்க வேண்டும். இந்தியாவில் 2011 முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் பார்க்க வேண்டும். வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளும் சேரும். பதிவேட்டில் ஆறு கட்டங்களும் ஒரே மையில் நிரம்பியிருந்தால், அவை ஒரே நாளில் எழுதப்பட்டனவா என்று பணியாளரிடம் தனியே, கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். பயணப்படி வராததோ, தாய் பிறந்தகம் சென்றுவிட்டதோ காரணமாக இருக்கலாம். பின்னதற்கு, தாய் தங்கும் ஊரின் பணியாளருக்கு உடனே தகவல் தரும் வழக்கத்தை அமைப்பு ஏற்படுத்த வேண்டும்.

கருவிகளையும் கையில் எடுத்துப் பாருங்கள். தராசில் துணித்தூளியை மட்டும் மாட்டித் தூக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, குழந்தையின் மூச்சைப் பணியாளர் முழு ஒரு நிமிடம் எண்ணுகிறாரா அல்லது அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குகிறாரா என்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கை 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுமுறை எண்ணி, அப்போதும் குறையாவிட்டால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இன்னொரு பயிற்சி வகுப்பைவிட, மேற்பார்வையாளரை மாதம் ஒருமுறை பணியாளருடன் நடக்கச் செய்வதே (மேற்பார்வையாளர்கள் முதலில் முகம் சுளித்தாலும்) மிகுந்த பயன் தரும்.