கோல்கீப்பர் கையால் பந்தைத் தொடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்தில் கோல்கீப்பர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பேக் பாஸில்தான். சொந்த அணி ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டிவிட்ட பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992-இல் வந்தது. அதற்கு முன், முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் திரும்பத் திரும்பக் கீப்பரிடமே கொடுத்து நேரத்தைக் கடத்தும், பார்ப்பவர்களுக்கு அலுத்துப்போகும். 1997-இல் த்ரோ-இன்னுக்கும் (பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிவது) இதே தடை வந்தது. தலையாலோ நெஞ்சாலோ முழங்காலாலோ வரும் பந்தை எடுக்கலாம். ஆனால் விதியை ஏமாற்ற, பந்தைத் தானே மேலே தூக்கித் தலையால் முட்டிக் கொடுத்தால், அப்படிச் செய்த ஆட்டக்காரருக்கு மஞ்சள் அட்டை. சக ஆட்டக்காரர் காலில் தவறிப் பட்டு வரும் பந்தை எடுப்பது குற்றமில்லை. இதைப் பல கீப்பர்கள் மறந்து, வீணாகப் பதறிக் கோல் வாங்குகிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு விசிலுக்குப் பிறகு நடக்கிறது. 2010 பிப்ரவரியில் போர்ட்டோவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில், சக ஆட்டக்காரர் சோல் கேம்ப்பெல் காலால் தட்டிவிட்ட பந்தை ஆர்சனல் கீப்பர் ஃபாபியான்ஸ்கி கையில் எடுத்தார். இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேராகக் கோலடிக்க முடியாத, இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகும் உதை. ஆர்சனல் சுதாரிப்பதற்குள் போர்ட்டோ சட்டென்று பந்தைத் தட்ட, ஃபால்காவ் கோலடித்தார். ஆட்டத்தைப் போர்ட்டோ 2-1 என வென்றது. விசில் கேட்டதும் ரெஃப்ரியிடம் வாதாடப் போகாதீர்கள். பந்துக்கும் கோலுக்கும் நடுவே போய் நில்லுங்கள், சுவரை அமையுங்கள்.

பெனால்டி பாக்ஸ் (கீப்பர் பந்தைக் கையால் தொடக்கூடிய கட்டம்) கோட்டில் கவனிக்க வேண்டியது பந்து இருக்கும் இடம். உங்கள் கால் எங்கே என்பது கணக்கில்லை. கோடும் பாக்ஸில் சேர்ந்ததே. உள்ளே நின்றபடி வெளியே உள்ள பந்தைக் கையால் தடுத்தால் எதிரணிக்கு டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேராகக் கோலடிக்கலாம். இதற்கு எப்போதும் சிவப்பு அட்டை என்று நினைப்பதும் தவறு. உறுதியான கோல் வாய்ப்பைத் தடுத்தால்தான் சிவப்பு.

பிடித்த பந்தைக் கீழே போட்டு, காலால் கொஞ்சம் உருட்டிவிட்டு, அப்புறம் மறுபடி கையில் எடுப்பதும் கூடாது. இடையில் வேறொருவர் தொட்டிருக்க வேண்டும்.

பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரத்துக்கான பழைய ஆறு விநாடிக் கணக்கையும் மறந்துவிடுங்கள். 2025-26 சீசனிலிருந்து எட்டு விநாடி. கடைசி ஐந்தை ரெஃப்ரி கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். தாண்டினால் எதிரணிக்குக் கார்னர் கிக்.