எல்லைப் பனிமலையின் வரைபடத்தைப் படிப்பது எப்படி? கஞ்சன்ஜங்காவை முன்வைத்து ஒரு வழிகாட்டி

இரு நாடுகளின் எல்லையில் நிற்கும் உயர்ந்த பனிமலையை வரைபடத்தில் பார்க்கும்போது, பெரும்பாலோரின் கண் முதலில் எல்லைக்கோட்டின்மீதே விழுகிறது. அச்சிட்டவர்கள் அதைத்தான் தடித்த மையில் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கோட்டிலிருந்து தொடங்கினால் மலை புரியாது என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் எந்தெந்தப் பக்கம் இறங்குகிறது என்பதை முதலில் கண்டுகொண்டால் முகடுகள் தாமாகவே தெரியவரும். முகடுகள் தெரிந்தபின், எல்லை ஏன் அங்கே ஓடுகிறது என்பதும் விளங்கிவிடும். இந்த வரிசையை நேபாளத்துக்கும் சிக்கிமுக்கும் இடையே, 27°42′ வடக்கு, 88°09′ கிழக்கு என்ற இடத்தில் நிற்கும் கஞ்சன்ஜங்காவைக் கொண்டு பயிலலாம். எல்லைப் பனிமலைகளுள் இதைப் போலத் தெளிவான அமைப்புடையது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1:50,000 அல்லது 1:1,00,000 அளவையில் அமைந்த நிலத்தோற்ற வரைபடம் ஒன்று, அதன்மேல் விரிக்க டிரேசிங் தாள், நான்கு வண்ணப் பென்சில்கள், ஓர் அளவுகோல் ஆகியவை போதும். துணைக்குச் செயற்கைக்கோள் படம் வேண்டும். சென்டினல்-2 எடுக்கும் 10 மீட்டர் நுணுக்கமுள்ள படங்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அக்டோபர், நவம்பர் மாதங்களின் படத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வங்கக் கடலிலிருந்து வரும் பருவக்காற்று இந்த மலையை மேகத்தால் மூடிவிடும். குளிர்காலத்திலோ புதிதாக விழுந்த வெண்பனி, பனியாற்றையும் பாறையையும் வேறுபாடு தெரியாமல் மறைத்துவிடும். இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இந்தச் செயற்கைக்கோள் காலைப் பத்தரை மணி அளவில் கடந்து செல்கிறது. அப்போது சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் நிழல் வடமேற்கே விழுகிறது. நம் கண்ணோ ஒளி மேலிருந்து வருவதாகவே எண்ணிப் பழகியது. ஆகவே முகடு பள்ளமாகவும் பள்ளம் முகடாகவும் தோன்றும். அப்படித் தோன்றினால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மலை உடனே நிமிர்ந்துவிடும்.

இப்போது டிரேசிங் தாளில் சிகரத்தை ஒரு புள்ளியாகக் குறியுங்கள். முகடு எதையும் வரைய வேண்டாம். சிகரத்தைச் சுற்றியுள்ள பனியாறுகளை மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமாகத் தீட்டுங்கள். நான்கு பனியாறுகள், நான்கு மூலைகளில் கிடைக்கும். வடகிழக்கில் செமு பனியாறு. ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுடைய இதுதான் இங்குள்ளவற்றுள் மிகப் பெரியது. தென்கிழக்கில் தாலுங் பனியாறு, தென்மேற்கில் யாலுங் பனியாறு, வடமேற்கில் மலையின் பெயரையே தாங்கிய கஞ்சன்ஜங்கா பனியாறு. வடகிழக்கு, தென்கிழக்குப் பனியாறுகளின் உருகுநீர் தீஸ்தாவுக்குச் செல்கிறது. தென்மேற்கு, வடமேற்குப் பனியாறுகளின் நீர் தாமூர் ஆற்றில் சேர்ந்து கோசியாகிறது. தாளில் இவ்வளவு வரைந்ததுமே மலையின் எலும்புக்கூடு பாதி வெளிப்பட்டுவிடும்.

பனியாற்றின்மீது ஓடும் சம உயரக் கோடுகளைப் படிப்பதற்குச் சற்று நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் இந்தப் பயிற்சியின் உயிர் இதில்தான் இருக்கிறது. பனிக்கட்டியின்மேல் செல்லும் கோடுகள் நீல நிறத்திலும், பாறை, மண்மீது செல்பவை பழுப்பு நிறத்திலும் அச்சிடப்படுவது பல வரைபடங்களின் வழக்கம். சாதாரணப் பள்ளத்தாக்கில் இக்கோடுகள் ஆற்றின் மேல்திசையை நோக்கி வளைந்திருக்கும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். பனியாற்றில் அந்த விதி பாதிவழியில் மாறிவிடுகிறது. மேற்பகுதியில், வெண்பனி விழுந்து சேரும் இடத்தில், நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருப்பதால் கோடுகள் மேல்நோக்கியே வளைகின்றன. கீழ்ப்பகுதியில், உருகல் மிகுந்த இடத்தில், ஓரங்கள் விரைவாகக் கரைந்து நடுப்பகுதி முதுகுபோல் உயர்ந்து நிற்பதால், அவை கீழ்நோக்கிப் பிதுங்குகின்றன. இந்த இரண்டுக்கும் இடையில் கோடுகள் ஏறத்தாழ நேராகச் செல்லும் ஓரிடம் உண்டு. ஆண்டின் சேர்க்கையும் இழப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் சமநிலைக் கோடு அதன் அருகிலேயே அமைகிறது. ஒரு தாளையும் பென்சிலையும் மட்டும் கொண்டு, மலையில் காலடி வைக்காமலேயே, ஒரு பனியாறு எங்கே வளர்கிறது, எங்கே தேய்கிறது என்று சொல்லிவிட முடிகிறது. இந்த முறையின்மேல் எனக்கிருக்கும் பற்றுக்கு அதுவே காரணம்.

கீழ்ப்பகுதியில் ஒரு சிக்கல் வரும். செமு, யாலுங் ஆகிய இரண்டும் கீழே செல்லச் செல்லக் கல்லும் மண்ணும் மூடிய பனியாறுகள். செங்குத்தான சுவர்களிலிருந்து ஓயாமல் விழும் பாறைத்துண்டுகள் பனிக்கட்டியின்மேல் போர்வையாகப் படிந்துவிடுவதால், செயற்கைக்கோள் படத்தில் அவை சாம்பல் நிறத் தரிசு நிலமாகவே தெரியும். வெண்மை முடியும் இடத்தைப் பனியாற்றின் முடிவாக எண்ணிப் பென்சிலை நிறுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இருபுறமும் கரைபோல் நீளும் பக்க மொரைன்களை, அதாவது பனியாறு கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணுமான மேடுகளைத் தேடுங்கள். அவற்றுக்கு இடையே மேடும் பள்ளமுமாக, சிறு குட்டைகள் புள்ளியிட்டதுபோல் கிடக்கும் பரப்பு தொடருமானால், அடியில் பனிக்கட்டி இன்னும் இருக்கிறது என்றே கொள்ளலாம். பனியாறு உண்மையில் முடியும் இடத்தில் ஓடை ஒரே வாயாக வெளிப்படும்.

மொரைன்களை ஒட்டி ஏரி ஏதேனும் இருந்தால் அதைத் தனி நிறத்தில் குறித்துவையுங்கள். கஞ்சன்ஜங்காவுக்கு வடக்கே, அதே தீஸ்தா வடிநிலத்தில், தெற்கு லோநாக் ஏரி இருக்கிறது. 2023 அக்டோபர் தொடக்கத்தில், உறைந்திருந்த பக்க மொரைனின் ஒரு பகுதி சரிந்து ஏரிக்குள் விழ, எழுந்த அலை கரையை உடைத்துக்கொண்டு தீஸ்தா பள்ளத்தாக்கில் பாய்ந்து, சுங்தாங்கில் இருந்த அணையையே அழித்தது. பல உயிர்கள் போயின. வரைபடத்தில் அது ஒரு சிறிய நீலப் புள்ளிதான்.

நான்கு பனியாறுகளும் தீட்டப்பட்டபின், அவற்றுக்கு இடையே வெறுமையாக விடப்பட்ட பட்டைகளைப் பாருங்கள். அவையே முகடுகள், சிகரத்திலிருந்து நான்கு திசைகளுக்கும் சிலுவைபோல் பிரிகின்றன. வடக்கு முகடு கிம்மிகெலா என்ற இரட்டைச் சிகரங்களைக் கடந்து ஜோங்சோங் (7462 மீ.) நோக்கிச் செல்கிறது. தெற்கு முகடு தாலுங், கப்ரு சிகரங்கள் வழியே இறங்கி, சிங்கலீலா மலைத்தொடராக நீள்கிறது. கிழக்கு முகடு செமு இடைவெளியில் 5861 மீட்டர் வரை தாழ்ந்து, பின் சிம்வுவாக எழுகிறது. மேற்கு முகட்டில் யாலுங் காங் (8505 மீ.) இருக்கிறது. திபெத்திய மொழியில் மலையின் பெயர் ‘பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள்’ என்று பொருள்படும். முதன்மைச் சிகரம், மேற்கே யாலுங் காங், நடுச் சிகரம், தெற்குச் சிகரம், காங்பாச்சென் ஆகியவையே அந்த ஐந்து எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1955 மே 25 அன்று, யாலுங் பனியாற்றின் வழியே இந்த மலையில் முதன்முதலாக ஏறிய பிரிட்டிஷ் மலையேறிகள் ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் அரசருக்கு அளிக்கப்பட்ட வாக்கைக் காத்து, உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டார்கள்.

இப்போதுதான் எல்லைக்கோட்டை வரைய வேண்டும். அது வடக்கு முகட்டில் வந்து, முதன்மைச் சிகரத்தைத் தொட்டு, நடுச் சிகரம், தெற்குச் சிகரம் வழியே தெற்கு முகட்டில் இறங்குவதைக் காண்பீர்கள். நீங்கள் ஏற்கெனவே இருவேறு நீராகப் பிரித்துவைத்த நிறங்களின் நடுவேதான் அது செல்கிறது: மேற்கே தாமூர், கிழக்கே தீஸ்தா. யாலுங் காங்கும் காங்பாச்செனும் முழுமையாக நேபாளத்தின் பக்கம் நிற்பதற்கும் இதுவே காரணம். நேபாளம், இந்தியா, சீனா மூன்றும் சந்திக்கும் இடம் ஜோங்சோங். 1816-இல் நடைமுறைக்கு வந்த சுகௌலி உடன்படிக்கையும் 1817-இன் தித்தாலியா உடன்படிக்கையும் இந்த வட்டாரத்தின் நேபாள–சிக்கிம் எல்லைக்கு அடித்தளமிட்டன. 1975-இல் சிக்கிம் இந்திய மாநிலமானபோது அதே முகடு இந்தியாவின் எல்லையாயிற்று. இங்கே முகடு கூர்மையானதாக இருப்பதால் கோடு ஐயத்துக்கு இடமளிப்பதில்லை. பனி மூடிய அகன்ற முதுகின்மேல் எல்லை செல்லும் இடங்களில், பனி உருகும்போது நீர் பிரியும் இடமே நகர்ந்துவிடுகிறது. ஆல்ப்ஸ் மலையில் இத்தாலியும் ஆஸ்திரியாவும் அத்தகைய நகரும் எல்லையைச் சட்டப்படியே ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

ஓடைகளின் பெயர்களும் உங்களுக்கு உதவும். சிக்கிம் பக்கத்தில் ‘சூ’ என்று முடியும் நீரோடை, நேபாளப் பக்கத்தில் ‘கோலா’ என்று முடிகிறது. ‘லா’ என்றால் கணவாய். எல்லைக்கோடு மங்கிப்போன பழைய வரைபடத்தில்கூட, பெயர்களைக் கொண்டே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அறியலாம்.

சரிவைக் கணிப்பது எளிது. 1:50,000 வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். 200 மீட்டருக்கு ஒன்றாக வரும் தடித்த சம உயரக் கோடுகள் இரண்டின் இடைவெளி 2 சென்டிமீட்டரானால், சரிவு ஏறத்தாழ 11 பாகை. பனியாற்றின்மேல் அதை எதிர்பார்க்கலாம். அதுவே 4 மில்லிமீட்டராகக் குறுகினால் 45 பாகை. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாறைச் சுவர் ஓவியமாகவே தீட்டப்பட்டிருக்கும் இடத்தில் அளவுகோலை நம்ப வேண்டாம்.

உயர எண்களையும் ஒப்பிட்டே ஏற்க வேண்டும். கஞ்சன்ஜங்காவின் உயரம் உலக அளவில் 8586 மீட்டர் என்றும், இந்தியப் பாடநூல்கள் சிலவற்றில் 8598 மீட்டர் என்றும் அச்சாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதாமல், எந்த வரைபடத்திலிருந்து எடுத்த எண் என்பதை ஓரத்தில் குறித்துவையுங்கள். வரைபடத்தின் ஆண்டும் அதற்கு இணையாக முக்கியமானது. 1899-இல் டக்ளஸ் ஃபிரெஷ்ஃபீல்டின் குழு இந்த மலையை முழுமையாகச் சுற்றிவந்தது. அப்பயணத்தில் எட்மண்ட் கார்வுட் ஆயத்தப்படுத்திய வரைபடமும் விட்டோரியோ செல்லாவின் நிழற்படங்களும், அன்றைய பனியாறுகளை இன்றைய படங்களோடு ஒப்பிட நமக்குக் கிடைத்த அரிய சான்றுகள்.

தாளில் வரைந்ததைக் கண்ணால் சரிபார்க்க டார்ஜிலிங்கிலிருந்து எடுத்த நிழற்படம் ஒன்று போதும். மலைக்கும் அந்நகருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 74 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவில் புவியின் வளைவு மட்டுமே மலையை 400 மீட்டருக்கும் மேல் தாழ்த்திக் காட்டும். காற்றில் ஒளி வளைவதால் அதில் ஒரு சிறு பங்கு திரும்பக் கிடைக்கிறது. முன்னே நிற்கும் கப்ரு, தெற்கு முகட்டின்மேல் இருப்பதால் படத்தில் பெரிதாகத் தெரியும். அதற்கும் முதன்மைச் சிகரத்துக்கும் இடையிலுள்ள ஆழத்தை நிழற்படம் காட்டாது, உங்கள் தாள் காட்டும்.

கடைசியாக, சிறிய அளவையில் அமைந்த வேறொரு வரைபடத்தை எடுத்து, இரு நீரையும் கடல்வரை பின்தொடருங்கள். யாலுங்கின் உருகுநீர் தாமூர், கோசி, கங்கை என்று பெயர் மாறிச் செல்லும். செமுவின் நீர் தீஸ்தாவாகி வங்கதேசத்தில் பிரம்மபுத்திராவோடு சேரும். 1787-இன் பெருவெள்ளத்துக்கு முன் தீஸ்தா தெற்கே கங்கையை நோக்கியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சிகரத்தின் இரு சரிவுகளில் பிரிந்து, எல்லைக்கோட்டின் இருபுறமும் இறங்கிய அந்த நீர், வங்கதேசத்தில் கோலுந்தோவுக்கு அருகில் பத்மாவும் (அங்கே கங்கையின் பெயர்) ஜமுனாவும் (அங்கே பிரம்மபுத்திராவின் பெயர்) கூடும் இடத்தில் மீண்டும் ஒன்றாகிறது. அந்த இடத்தையும் உங்கள் தாளில் ஒரு புள்ளியாகக் குறித்துவையுங்கள்.