ஊர் ஒத்துக்கொள்ளாததல்ல காரணம்: வளரிளம் பருவ நலக் கல்விக்கு ஆதரவு திரட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் வளரிளம் பருவ இனப்பெருக்க நலக் கல்வியைத் தொடங்கிப் பாதியில் கைவிட்டவர்கள் பெரும்பாலும் 'ஊர் ஒத்துக்கொள்ளவில்லை' என்பார்கள். விசாரித்துப் பார்த்தால், ஊரிடம் யாரும் உரிய நேரத்தில் பேசியிருக்க மாட்டார்கள். பாடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கள் மோசமானதைத்தான் கற்பனை செய்துகொள்வார்கள்.

மேலிடத்து அனுமதியோடு நின்றுவிடுவது

சுற்றறிக்கை வந்தாயிற்று, நிர்வாகம் கையெழுத்துப் போட்டாயிற்று, வகுப்பைத் தொடங்கலாம் என்று நினைப்பது முதல் தவறு. பெற்றோருக்கு முந்தின நாள்தான் கடிதம் போகும். அதைப் படித்தவர் முதலில் விசாரிப்பது தலைமையாசிரியரை அல்ல. தெரிந்த ஆசிரியரையோ அலுவலகப் பணியாளரையோதான். "எனக்கு ஒன்றும் தெரியாதுங்க" என்று அவர் கைவிரித்தால் போதும், சந்தேகம் பற்றிக்கொள்ளும்.

யாரிடம் எப்போது பேசுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தலைமையாசிரியரும் நிர்வாகமும். அடுத்து, அந்தப் பாடத்தை எடுக்காதவர்கள் உட்பட எல்லா ஆசிரியர்களும் பணியாளர்களும். பிறகு பெற்றோர் பிரதிநிதிகள், சமயப் பெரியவர்கள். பெற்றோர் பொதுக்கூட்டம் கடைசியில். இதற்கெல்லாம் ஆறு முதல் எட்டு வாரமாவது ஒதுக்க வேண்டும்.

சங்கடமான பக்கத்தை ஒளிப்பது

'வாழ்க்கைத் திறன்' என்று பெயர் வைப்பதில் குற்றமில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் பாடத்தை மறைப்பதுதான் வினை. கூட்டத்தில் சுத்தம், ஊட்டச்சத்து பற்றிய பக்கங்களைக் காட்டிவிட்டுக் கருத்தடைப் பக்கத்தைத் தாண்டிப் போனால், அந்த ஒரு பக்கம் மட்டும் எந்த வகுப்புக்கு என்ற விவரம்கூட இல்லாமல் வாட்ஸ்ஆப்பில் சுற்றும். 2007-ல் இந்தியாவில் பல மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை நிறுத்திவைத்தபோது, ஆட்சேபத்துக்கு உள்ளானவற்றில் பயிற்சி ஏடுகளில் இருந்த உடலுறுப்புப் படங்கள் முக்கியமானவை.

ஆகவே அந்தப் பக்கத்தை நீங்களே எடுத்துக் காட்டுங்கள். எந்த வகுப்புக்கு என்ன பாடம், எத்தனை பீரியட், யார் எடுப்பார்கள், எவை இதில் கிடையாது என்பதை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். 'எவை கிடையாது' என்ற பகுதிதான் பல பெற்றோரின் பயத்தைத் தணிக்கும்.

எதிர்ப்புக்கு அஞ்சிப் பாடத்தை 9, 10-ஆம் வகுப்புக்குத் தள்ளுவதும் ஒருவகை ஒளிப்புதான். பருவ மாற்றம் பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பு. பாடத்தைத் தள்ளிப்போட்டால், மாதவிடாய் என்றால் என்ன என்பதைப் பலருக்கு அது வந்த பிறகுதான் சொல்லிக்கொண்டிருப்போம். ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோவின் 2018 பாலியல் கல்வி வழிகாட்டி 5–8, 9–12, 12–15, 15–18+ என வயதுவாரியாகப் பாடத்தைப் பிரிக்கிறது. எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்லப்போவதில்லை என்று விளக்க இந்தப் பிரிவு நன்றாக உதவும்.

பெற்றோர் கூட்டத்தைப் புள்ளிவிவரத்தோடு தொடங்குவது

முதல் ஸ்லைடிலேயே பதின்வயதுக் கர்ப்பம், பால்வினைத் தொற்று என்று எண்களை அடுக்கினால், 'உங்கள் பிள்ளை கெட்டுப்போகப் போகிறது' என்றுதான் பெற்றோர் காதில் விழும். எழுந்து சண்டைக்கு வருவது இயற்கையே. அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் கவலையிலிருந்து ஆரம்பியுங்கள்: மகளுக்கு முதல் மாதவிடாய் வகுப்பறையில் வந்தால் யாரிடம் போவாள்? உடலைப் பற்றிய சந்தேகத்துக்கு மகன் செல்போனில் எதைத் தேடுகிறான்? யாராவது தவறாகத் தொட்டால் அதைச் சொல்ல அவர்களுக்கு வார்த்தை தெரியுமா?

ஒரு கூட்டத்துக்கு 25, 30 பேருக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் அறிமுகம். இருபது நிமிடம் ஒரு நிஜப் பாடத்தை மாணவர்களுக்கு நடத்துவதுபோலவே நடத்திக் காட்டல். மீதி முழுதும் கேள்விகள். கை தூக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்து வரும் நேரத்தில் தந்தையருக்குத் தனிக் கூட்டம் வையுங்கள். பிற்பாடு கடுமையாக எதிர்ப்பவர், பல நேரம் கூட்டத்துக்கே வராதவர்தான்.

"சொல்லிக்கொடுத்தால் செய்து பார்க்கத் தோன்றாதா?" என்று ஒருவராவது கேட்பார். யுனெஸ்கோ தொகுத்த ஆய்வுகளின்படி, இந்தக் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே பாலுறவைத் தொடங்குவதில்லை. சில திட்டங்களில் அது தள்ளியே போயிருக்கிறது. இந்தப் பதிலை இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். நீட்டி முழக்கினால் மழுப்புவதாகத் தோன்றும்.

சமயப் பெரியவர்களைத் தொடக்க விழாவுக்கு மட்டும் அழைப்பது

மேடையில் உட்காரவைத்துவிட்டு அங்கேயே கருத்துக் கேட்டால், ஆதரிக்க நினைப்பவரும் கூட்டத்துக்குப் பயந்து மறுத்துவிடுவார். முன்கூட்டித் தனித்தனியாகச் சந்தித்து, பாடநூலைக் கையில் கொடுத்து, இரண்டு வாரத்தில் கருத்துச் சொல்லக் கேளுங்கள். சொற்கள், படங்கள், பாட வரிசை ஆகியவற்றை மாற்றலாம், மருத்துவ உண்மைகளை மாற்ற முடியாது என்ற எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் சொன்ன ஒரு திருத்தமாவது அச்சில் வந்தால், அடுத்த சர்ச்சையில் அவரே உங்களுக்காகப் பேசக்கூடும்.

ஆசிரியர் தயார் என்று எண்ணிக்கொள்வது

உயிரியல் படித்தவர் என்பதாலேயே கூச்சம் போய்விடாது. "இந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஒருநாள் விரிவுரை கேட்டு இது மாறாது. பயிற்சியில் அந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லி, சக ஆசிரியர்கள் முன் பாடம் நடத்திப் பழக வேண்டும். வகுப்பில் கேள்விப் பெட்டி வைக்கும்போது, கேள்வி இல்லாதவரும் ஏதாவது ஒரு வரி எழுதிப் போட வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும். இல்லையென்றால் எழுதுகிறவர் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

சம்மதக் கடிதத்திலும் கவனம் தேவை. கையெழுத்திட்டுத் திருப்பித் தந்தால்தான் வகுப்பு என்றால், கடிதத்தைப் புத்தகப்பையிலேயே மறந்த பிள்ளைகளும் மறுக்கப்பட்டவர்கள் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். விதிகள் அனுமதிக்கும் இடத்தில், வேண்டாம் என்பவர் மட்டும் எழுதித் தரும் முறையே மேல்.

பிள்ளை முறையிட்டால் யாரிடம் போவது என்று தீர்மானிக்காதது

பாதுகாப்பு பற்றிய பாடம் முடிந்ததும் ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்ததை வந்து சொல்லலாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கவே கூடாது. காப்பாற்ற முடியாத வாக்கு அது. பள்ளியில் பொறுப்பாளர் யார், எந்த மருத்துவமனை, எந்தக் குழந்தைகள் நல அமைப்பு, சட்டப்படி யாருக்குத் தகவல் தர வேண்டும் என்பதெல்லாம் முதல் வகுப்புக்கு முன்பே ஒவ்வோர் ஆசிரியரிடமும் எழுத்தில் இருக்க வேண்டும்.